பழைய கணினிக்கு லேசான காவல்

காண்டாமிருகம் குறைந்துவிட்டது, கழுகு குறைந்துவிட்டது, சிட்டுக்குருவியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்று ஆளாளுக்குக் கவலைப்படுகிறார்கள். படட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் யாருடைய கவலையும் இல்லாமல், எந்தச் சரணாலயமும் கேட்காமல், தெருவுக்கு நாலு பேர் என்று தழைத்துக்கொண்டிருக்கிற ஓர் இனத்தைப் பற்றி ஒரு விஞ்ஞானியும் மூச்சுவிடக் காணோம். பழைய கணினிக்கு லேசான பாதுகாப்பு மென்பொருள் தேடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கும் அவர் வந்திருக்கிறார்.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? சுலபம். "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார், ஆனால் பதிலை எதிர்பார்க்க மாட்டார். கண் அதற்குள் கூடத்து மூலைக்குப் போயிருக்கும். அங்கே, உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய கணினி, தலையில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும். அவர் துண்டை விலக்குவார். பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். விசிறியின் இரைச்சலுக்குக் காது கொடுப்பார். உச்சுக்கொட்டுவார். அப்புறம், திரும்பாமலேயே, "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்பார்.

"என்னவோ, வாங்கும்போதே ஒண்ணு இருந்துச்சு."

"கூட வந்ததா?"

அந்த "கூட வந்ததா"வைக் கேட்டால் உங்களுக்கே உங்கள் மேல் இரக்கம் வந்துவிடும். இத்தனை வருஷம் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறோமே என்று எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அவருக்கு வேண்டியது அதுதான். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, தன் மூலமந்திரத்தைச் சொல்லுவார்: "லேசா இருக்கணும். ஆனா கெட்டியா இருக்கணும்."

லேசாகவும் கெட்டியாகவும் இருப்பது உலகத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் அப்படித்தான் மாட்டினார். நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுபவர். இன்றைக்கு அவருடைய கணினி, பக்கத்திலேயே பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்தும் அச்சு இயந்திரத்தை யாரோ எவரோ என்று பார்க்கிறது. பில் கேட்டால் கடைக்காரர் கையால் எழுதிக் கொடுக்கிறார். ஒரு நாள் மெதுவாக முறையிட்டுப் பார்த்தார்.

"அப்போலருந்து ஒரு வைரஸாவது வந்துச்சா?" என்று கேட்டார் நம் ஆள்.

"வரலைங்க."

"அதான்!"

இந்த "அதான்"-க்கு அப்பால் மனித அறிவு போக முடியாது.

இப்படிப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இட்டுக்கட்டுகிறான் என்பீர்கள். அந்த மருந்துக்கடைக்காரரைக் காப்பாற்றியவரையே எடுத்துக்கொள்வோம். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இருந்தவரை அந்தக் கிடங்கிலிருந்து ஒரு திருகாணிகூட வீணாக வெளியே போனதில்லை. தேவையாக வெளியே போனதும் கொஞ்சம் குறைவுதான். வண்டி பழுதாகி வாசலில் நிற்கும், ஓட்டுநர் கெஞ்சுவார், பயணிகள் வைவார்கள், இவர் கம்பி வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யார் அனுப்பினது? எதுக்கு? பழசைக் கொண்டாந்தியா?" என்று நிதானமாகக் கேட்பார். ஓய்வு பெற்ற பிறகு காவல் காக்கக் கிடங்கு இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் கூடத்தில் இருந்த கணினி கண்ணில் பட்டது. அன்றிலிருந்து தங்கை பிள்ளைகள் அவரை "வைரஸ் மாமா" என்று கூப்பிடுகிறார்கள். அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு அவர் பூரித்துப் போகிறார். நாமும் மாமா என்றே சொல்லுவோம்.

மாமாவின் மனைவியைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். கணக்கு டீச்சர். மகள் பிறந்தது, மாமியார் படுத்தது, அது இது என்று வேலையை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மகளும் கல்யாணமாகித் தூர தேசம் போய்விட்டாள். இந்த நிலைமையில், வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆள் தேடும் ஒரு நிறுவனத்துக்கு, யாரிடமும் சொல்லாமல் டீச்சர் விண்ணப்பம் போட்டிருந்தார். கூப்பிட்டுவிட்டார்கள்! வியாழக்கிழமை காலை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. போன் போதாது, பலகையில் எழுதுவதுபோல் எழுதிக் காட்டப் பெரிய திரை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை. பின்னங்களைத்தான் நடத்தப்போகிறேன் என்று முடிவு செய்து, கூடத்து மூலையில் உட்கார்ந்து, மௌஸைப் பிடித்துக் கோணல்மாணலாக வட்டம் போட்டு, அதை மூன்றாகப் பிரித்து, யாரும் இல்லாத அறையைப் பார்த்து, "இப்ப இதுல ரெண்டு துண்டை எடுத்துட்டா மீதி என்ன?" என்று கேட்டுக்கேட்டுப் பழகினார். முதல் நாள் குரல் நடுங்கியது. மூன்றாம் நாள் அதட்டலே வந்துவிட்டது. அடுப்படியில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் அதட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு இதில் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனால் அதை வாயால் சொல்லத் தெரியாது. "நல்லா எடுக்கறே" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். சொல்ல வரவில்லை. ஆகவே, ஆன்டிவைரஸ் போட்டார்.

"ஏங்க, அதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?" என்றார் டீச்சர்.

"அது கூட வந்தது."

"இருக்கட்டுமே. இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையே."

"ஆகலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆனதைச் சொல்ல வேண்டியதே அதுதானே? அதுக்கே தெரியலைன்னா?"

இது எந்த ஊர்க் கணக்கு? நீங்களே சொல்லுங்கள். டீச்சர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

மாமா தேர்வில் இறங்கினார். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுகிற பொடியன்களின் காணொளிகளை, பாடம் கேட்பதுபோல் கைகட்டிக்கொண்டு கேட்டார். உலகத்தில் உள்ள பாதுகாப்பு மென்பொருள்கள் எல்லாமே லேசானவைதானாம்! ஒன்றாவது "நான் கனம், என்னைத் தூக்காதே" என்று சொல்ல வேண்டுமே? கிடையாது. ஒன்று இறகுபோல லேசு; இன்னொன்று இருக்கிற இடமே தெரியாது; மூன்றாவது பழைய கணினிகளுக்கென்றே பிறந்தது. மாமா ஒவ்வொன்றையும் இறக்கிப் பார்த்தார், எடை பார்த்தார், "இது பிடிக்கும், ஆனா விடாது. அது விடும், ஆனா பிடிக்காது" என்று மனைவிக்கும் சுவருக்கும் விளக்கினார். வேண்டாம் என்று ஒன்றைக் கழிக்கப் போகும்போதெல்லாம் கிடங்குக்காரர் விழித்துக்கொள்வார். நல்ல சாமானை எப்படிக் கழிப்பது? நாளைக்குத் தேவைப்பட்டால்?

ஆகவே இறகையும் வைத்துக்கொண்டார், இடமே தெரியாததையும் வைத்துக்கொண்டார். பழைய கணினிக்கென்றே பிறந்ததை எப்படி விடுவது? அதையும் வைத்துக்கொண்டார். ஒன்று வாசலுக்கு, ஒன்று கொல்லைப்புறத்துக்கு, ஒன்று மற்ற இரண்டும் தூங்காமல் பார்த்துக்கொள்ள.

"மூணும் லேசுதானே," என்றார்.

லேசுதான். பஞ்சு மூட்டைகூட லேசுதான். மூன்றைத் தூக்கித் தலையில் வைத்தால் தெரியும். கணினி கழுதை தேய்ந்து கட்டெறும்பானதுபோல் ஆகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, தலை துவட்டி, தேநீர் போட்டு வந்தால் அப்போதுதான் "வரவேற்கிறேன்" என்று சொல்லத் தொடங்கியது. டீச்சர் வட்டம் போட்டால், கை போன பிறகு சற்றுப் பொறுத்து, யோசித்து, மனசு வந்து, கோடு பின்னால் வந்தது. "என்னங்க இது, இழுக்குது?" என்றார் அவர். மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். கணினியை வேகப்படுத்தும் மென்பொருள் என்று நாலாவதாக ஒன்றைப் போட்டார். அதுவும் லேசு.

அன்று சாயங்காலம் திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று துள்ளிக் குதித்தது. "ஆபத்து! சந்தேகத்துக்குரிய ஒன்று பிடிபட்டது."

மாமா வீடே அதிரக் கூப்பிட்டார். "இங்க வா! இங்க வா! பாத்தியா? போட்ட ரெண்டாம் நாளே பிடிச்சிடுச்சு! இத்தனை வருஷம் உள்ளேயே உக்காந்திருந்திருக்கான் பாரு!"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

"இது நீங்க நேத்துப் போட்டதுதானே?"

ஆமாம். கொல்லைப்புறத்துக் காவலன் வாசல் காவலனைப் பிடித்திருந்தான். வாசல்காரன் சும்மா விடுவானா? மறுநாள் காலையில் அவன் கொல்லைக்காரனைத் திருடன் என்று அறிவித்தான். இருவரையும் மேற்பார்க்க வந்தவன், இருவருமே அயோக்கியர்கள், சீக்கிரம் முடிவெடுங்கள் என்று மணிக்கொரு தரம் எச்சரித்தான். வீட்டுக்குள் வெளியாள் எவனும் வரவில்லை. காவலர்களே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடத்தில் உருண்டுகொண்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மாமாவோ மெய்சிலிர்த்துப் போனார். தன் கூட்டாளியையே நம்பாதவன் அல்லவா உண்மையான காவலன்? பணிமனையில் அவரும் அப்படித்தானே இருந்தார்?

"வியாழக்கிழமை வரைக்குமாவது இதையெல்லாம் எடுத்துடுங்களேன்," என்றார் டீச்சர். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. இத்தனை வருஷத்துல இவங்கதான் கூப்பிட்டிருக்காங்க."

"வியாழக்கிழமைக்காகத்தானே போட்டிருக்கேன்? யாரோ ஊர் பேர் தெரியாதவங்க அனுப்பின லிங்கை அழுத்தப் போறே. பத்திரம் வேண்டாமா? நான் இருக்கேன்ல?"

அதுதான் பிரச்சினை.

வியாழக்கிழமை வந்தது. டீச்சர் விடிந்ததும் கணினியை முடுக்கிவிட்டார், வகுப்பு நேரத்துக்குள் எழுந்துவிட வேண்டுமே என்று. நல்ல புடவை, வாரி முடிந்த தலை. திரையில் அந்த நிறுவனத்துப் பெண் அதிகாரி ஒருத்தியும், பாடம் கேட்க இரண்டு சிறுவர்களும் தெரிந்தார்கள். டீச்சர் வட்டம் போட்டார். கோடு ஆடி அசைந்து வந்தது. வந்தது, அதுவே போதும். "இது ஒரு கேக்குன்னு வெச்சுக்குங்க," என்று தொடங்கினார். சிறுவன் ஒருவன் எதையோ தப்பாகச் சொல்ல, டீச்சர் கோபிக்காமல், அவனுடைய தப்பையே பிடித்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டு அவன் வாயாலேயே சரியான பதிலை வரவழைத்தார். அதிகாரி புன்னகை செய்தது மாமாவுக்கும் தெரிந்தது. ஏனென்றால் அவர் கேமராவில் விழாமல், அலமாரிக்குப் பக்கத்தில், பனியனோடு, மூச்சுவிடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. யாராவது பார்த்திருந்தால் தூசி என்றிருப்பார்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. "அறியப்படாத செயலி ஒன்று உங்கள் கேமராவைப் பயன்படுத்துகிறது. அனுமதிக்கலாமா?"

கீழே இரண்டு பொத்தான்கள்: அனுமதி, தடு.

டீச்சர் மௌஸை அனுமதிக்குக் கொண்டுபோனார். கோடு மாதிரியே அம்புக்குறியும் மெதுவாகத்தான் போயிற்று. மாமா ஒரே பாய்ச்சலாக வந்தார். யோசித்தா வந்தார்? முப்பது வருஷம் கம்பி வலைக்குப் பின்னால் நின்ற உடம்பு அது, "கொடுக்கலாமா?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் தெரியும். மனைவியின் கைக்கு மேல் கையை வைத்து, "தடு"வை அழுத்தினார். அத்தோடு விட்டாரா? "இந்த முடிவை எப்போதும் நினைவில் வைக்கவும்" என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டார். அதைப் போடாமல் அவர் எந்தப் பெட்டியையும் மூடியதே இல்லை.

டீச்சரின் முகம் திரையிலிருந்து மறைந்தது. காவலன் வகுப்பையே சேர்த்து இழுத்து மூட, சிறுவர்களும் மறைந்தார்கள். கோணல் வட்டம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் போயிற்று.

"என்னங்க பண்ணினீங்க?"

"கேமராவைக் கேட்டுச்சு..."

"நான்தாங்க கேமராவுல இருந்தேன்!"

டீச்சரின் போன் அடித்தது. அந்த அதிகாரிதான். "மேடம், உங்க வீடியோ கட்டாயிடுச்சு. நல்லா போயிட்டிருந்துது. சீக்கிரம் திரும்பி வந்துடுங்க, அடுத்தவங்க வெயிட் பண்றாங்க. ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது."

"இதோ வந்துட்டேன்," என்றார் டீச்சர். மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விசாரணை தொடங்கினார். தடுத்தவன் யார்? வாசல்காரனைத் திறந்து கேட்டார்: எல்லாம் நலம், பச்சை விளக்கு. கொல்லைக்காரனைக் கேட்டார்: எல்லாம் நலம். மேற்பார்வைக்காரன் பணம் கட்டினால் சொல்கிறேன் என்றான். வேகப்படுத்துகிறவன் திறக்கவே மாட்டேன் என்றான். ஒன்றைக் கழற்றப் பார்த்தால், கணினியை முதலில் மூடித் திறக்க வேண்டும் என்றது. மூடித் திறப்பதென்றால் குளித்துத் தலை துவட்டித் தேநீர் போட்டு வர வேண்டுமே! "ஒரு நிமிஷம்மா... இதோ... இப்ப கண்டுபிடிச்சிடுவேன்..."

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடிப்படி ஏறி ஓடினார்.

மாடியில் கேக் சுட்டு விற்கிற பெண் குடியிருந்தாள். அவளிடமும் ஒரு கணினி இருந்தது. இவர்களுடையதற்கு அக்காவாக இருக்கும் வயது. விசைகளுக்கிடையில் மைதா மாவு. திரையில் வெண்ணெய்க் கைரேகை.

"உன் கம்ப்யூட்டர்ல என்ன பாதுகாப்பு போட்டிருக்கே?" என்று டீச்சர் மூச்சிரைக்கக் கேட்டார். வாழ்ந்த வாழ்க்கை அப்படி. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பாதுகாப்பா? என்னவோ கூட வந்தது ஒண்ணு ஓடிட்டிருக்கு டீச்சர். அது கேட்டா அப்டேட்டுக்குச் சரின்னு அழுத்துவேன், அவ்வளவுதான். ஏன், வேற போடணுமா?"

"வேண்டாம்மா! ஒண்ணும் வேண்டாம்! நகரு!"

கீழே மாமா இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் கூரையைத் தாண்டி, தெளிவாக, அதட்டலும் சிரிப்புமாக அந்தக் குரல் வந்தது: "எங்க விட்டோம்? யார் கேக்கைச் சாப்பிட்டது?"

வேலை கிடைத்துவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் சாயங்கால வகுப்பு. சொல்ல வந்த டீச்சரின் முகத்தில் மாமா கல்யாணமான புதிதில் பார்த்த வெளிச்சம் இருந்தது. அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துடறேன். சுத்தமா துடைச்சு, பழையபடி ஆக்கிடறேன். கீழேயே எடேன்."

"வேண்டாங்க," என்றார் டீச்சர். கோபமே இல்லாமல்தான் சொன்னார், அதுதான் உறைத்தது. "நான் மாடியிலேயே எடுத்துக்கறேன். இது பத்திரமா இருக்கட்டும்."

பத்திரமாகத்தான் இருக்கிறது. சாயங்காலமானால் டீச்சர் மேலே போய்விடுகிறார். மாமா கூடத்தில் கணினிக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கிறார். யாரும் எதையும் திறப்பதில்லை, யாரும் எந்த லிங்கையும் அழுத்துவதில்லை. நாலு காவலர்களும் வேலையில்லாமல் சமாதானமாகிவிட்டார்கள். மேலே பிள்ளைகள் என்னவோ சொல்ல, டீச்சர் வாய்விட்டுச் சிரிக்கிறார். இத்தனை வருஷமாகக் கீழே அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லையே என்று மாமாவுக்குத் தோன்றும். எழுந்து போய்ப் படிக்கட்டின் முதல் படியில் நின்று கேட்பார். மேலே போகமாட்டார். போனால் அங்கேயும் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிடுவோமோ என்று அவருக்கே பயம்.

பாவம், என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். என்னிடம் பழைய கணினியே கிடையாது, ஆகவே நான் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். நல்லது. எதற்கும் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள், செலவில்லாதது, மிக லேசானது. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் ஒரு காரியத்தை உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்கிறார்களா, செய்துவிட்டுச் சொல்கிறார்களா, அல்லது இப்போதெல்லாம் எதையுமே சொல்வதில்லையா?

சொல்வதில்லை என்றால் வாழ்த்துகள். உங்கள் காவல் அருமையாக வேலை செய்கிறது.